பத்து டிகிரிக் கடலுக்கு ஒரு ரப்பர் சட்டை

அயர்லாந்துக்குப் போவதற்காக நான் முதலில் போன ஊர் மாமல்லபுரம். அடுத்தது செங்கல்பட்டு. அதற்கடுத்தது மறுபடியும் மாமல்லபுரம், திரும்பும் வழியில் திருக்கழுக்குன்றம். இத்தனையும் சுற்றிய பிறகுதான் விமானம் ஏறினேன். அயர்லாந்தைப் பற்றிச் சொல்ல எனக்குக் கொஞ்சம்தான் இருக்கிறது. அங்கே போட்டுக்கொள்ள ஒரு சட்டை தேடி நம் ஊர் வெயிலில் பட்ட பாடுதான் நிறைய.

சிறுசேரியில் எனக்கு டெஸ்டர் வேலை. மற்றவர்கள் எழுதிய மென்பொருளில் ஓட்டை தேடுவது. ஓட்டை இருக்கிறது என்றால் எழுதியவருக்குக் கோபம் வரும். இல்லை என்று சொல்லிப் பிற்பாடு ஓட்டை வந்தால் மேலாளருக்குக் கோபம் வரும். இந்த இரண்டு கோபத்துக்கும் நடுவில் எனக்குச் சம்பளம் வரும். அயர்லாந்தில் எங்களோடு சேர்ந்து வேலை பார்க்கும் ஷிவான் என்ற பெண் ஒரு திங்கட்கிழமை வீடியோவில், "வார இறுதியில் என்ன செய்தாய் சுமதி?" என்று கேட்டாள். "மாமல்லபுரத்தில் சர்ஃபிங் போனேன்" என்றேன். அவளும் சர்ஃபிங் பைத்தியம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"அங்கே தண்ணீர் எத்தனை டிகிரி?" என்றாள். "இருபத்தொன்பது" என்றேன். அவள் சிரித்த சிரிப்பில் என் ஹெட்போன் அதிர்ந்தது. "அது கடல் இல்லை, குளியல் தொட்டி. ஏப்ரலில் வேலைக்காக இங்கே வருகிறாய் அல்லவா, எங்கள் கடலில் இறங்கிப் பார். பத்து டிகிரி." சரி என்று சொல்லிவிட்டேன். ரோஷத்தில் சொல்லும் சரிக்கு யோசனை கிடையாது.

பத்து டிகிரி என்றால் என்ன? எங்கள் அலுவலக ஏசி இருபத்திரண்டு. அதற்கே பாதிப் பேர் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, மதியம் வெளியே வந்து வெயிலில் நின்று உடம்பைக் காய வைக்கிறோம். இரவு வீட்டில் ஃபிரிட்ஜைத் திறந்து, காய்கறி வைக்கும் அடித்தட்டில் கையை நுழைத்துக்கொண்டு நின்றேன். ஏறக்குறைய இதுதான் ஷிவானின் கடல் என்று தோன்றியது. பக்கத்தில் இருந்த முள்ளங்கியின் மேல் இரக்கம் வந்தது.

"இன்னாடி, கரண்டு பில்லு யாரு கட்றது?" என்று அம்மா கேட்டாள். விஷயத்தைச் சொன்னேன்.

நாங்கள் இருப்பது படாளம். இரண்டு பேருந்து மாறினால் கடல். ஆனால் அம்மா இந்த அறுபது வயது வரைக்கும் கடலில் கால் வைத்ததில்லை. மாசி மகத்துக்கு ஊரே போய் முழுக்குப் போடும்போதும், எல்லோருடைய செருப்புக்கும் காவலாக மணலில் உட்கார்ந்திருப்பாள். "ஏரின்னா கரை கீது. கெணறுன்னா படி கீது. கடலுக்கு இன்னா கீது?" என்பது அவளுடைய நியாயம். நான் அலையில் பலகையேறக் கற்றுக்கொண்ட இந்த இரண்டு வருஷமாக, ஒரே ஒரு முறை காலை நனை என்று கெஞ்சிக்கொண்டிருந்தேன். அவள் மசியவில்லை.

அன்றைக்கு என்ன நினைத்தாளோ, "அந்த ஐஸ் தண்ணில நீ பலகை மேல நின்னு காட்டு. அப்பால நான் நம்ம கடல்ல எறங்கறேன்" என்றாள்.

"சத்தியமா?"

"சத்தியமா. நீ எங்க நிக்கப் போற."

முப்பத்தைந்து வயதில் முதல் முறை அலைமேல் நின்றபோது நான் அழுதேன். முகமெல்லாம் உப்புத் தண்ணீராக இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. அந்தச் சந்தோஷத்தில் ஒரு கை அள்ளியாவது அம்மாவுக்குக் கொடுக்க வேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆசை. அயர்லாந்தில் நான் நின்றே ஆக வேண்டும். வேறு வழியில்லை.

சனிக்கிழமை மாமல்லபுரம் போனேன். எனக்குச் சர்ஃபிங் சொல்லிக் கொடுத்த தேசிங்கு, மீனவர் குப்பத்துப் பிள்ளை. கடற்கரையில் பலகை வாடகைக்கு விடுகிறான். அலையைப் பற்றி அவனுக்குத் தெரியாதது இல்லை. குளிரைப் பற்றித் தெரிந்தது எதுவுமில்லை. ஆனாலும் அடித்துப் பேசினான்.

"பத்து டிகிரின்னா இன்னாக்கா? நம்ம தை மாசம் விடியக்காலைல வலை இஸ்க்கும்போது பல்லு கிட்டிக்கும் பாரு, அதான்."

"தை மாசம் நம்ம கடல் இருபத்தாறு டிகிரிடா."

"ஐய, அதுக்கே அப்டின்னா பத்துக்கு உசுரே பூடுமே" என்று உடனே கட்சி மாறினான்.

அவன் கடையின் பின்பக்கம் இரண்டு வெட்சூட் தொங்கின. வெட்சூட் என்றால் நுரைபோன்ற ரப்பரில் செய்த, உடம்பை ஒட்டிப் பிடிக்கும் முழு அங்கி. தண்ணீரை அடியோடு தடுப்பது அதன் வேலை இல்லை. கொஞ்சம் தண்ணீரை உள்ளே விட்டு, தோலுக்கும் ரப்பருக்கும் இடையில் பிடித்து வைத்துக்கொள்ளும். உடம்புச் சூடு அந்தத் தண்ணீரை வெதுவெதுப்பாக்கிவிடும். ஆகவே சூட் இறுக்கமாக இருக்க வேண்டும் என்று நான் படித்த இடத்திலெல்லாம் எழுதியிருந்தது. தளர்வாக இருந்தால் பழைய தண்ணீர் போய்ப் புதுக் குளிர் வந்துகொண்டே இருக்கும்.

இரண்டுமே வெள்ளைக்காரர்கள் ஊர் திரும்பும்போது மூட்டை கனக்கிறது என்று விட்டுப்போனவை. ஒன்று மூன்று மில்லிமீட்டர் கனம், என் அளவு. மற்றொன்று மார்பில் ஐந்து, கையில் நான்கு, தலைக்குக் குல்லாவும் சேர்ந்தது. பத்து டிகிரிக்கு இதுதான் வேண்டும். ஆனால் அதைப் போட்டிருந்தவர் ஆறடிக்குக் குறையாத ஆண்பிள்ளை.

முதலில் சிறியதைப் போட்டுப் பார்த்தேன். காலில் பிளாஸ்டிக் கவரை மாட்டிக்கொண்டால் வழுக்கிக்கொண்டு போகும் என்றான் தேசிங்கு. கவர் போனது, கால் போகவில்லை. உரித்த நுங்கைத் திரும்பப் பனங்காய்க்குள் வைக்கிற வேலை அது. ஒருவழியாக உள்ளே போனதும் மூச்சு வாங்கியது. பங்குனி வெயிலில் ஆவி பறக்க நின்றேன். தேசிங்கு என் தலையில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிக் கழற்றிவிட்டான்.

பெரியதைப் போட்டேன். ஆகா, என்ன சௌகரியம்! கையை வீசினேன், காலை மடக்கினேன், கூடவே இன்னொரு ஆளுக்கும் உள்ளே இடம் இருந்தது. இங்கேதான் என் புத்தி வேலை செய்தது. சின்ன வயதிலிருந்து எனக்கு எந்த உடுப்பும் அளவாக எடுத்ததில்லை. வளர்கிற பிள்ளை, ஒரு சைஸ் பெரிசாக எடு. துவைத்தால் சுருங்கும், இரண்டு சைஸ் பெரிசாக எடு. பெரிசாக இருந்தால் பிடித்துக்கொள்ளலாம், சிறிசாக இருந்தால் என்ன செய்வாய்? இந்த வேதம் ரத்தத்தில் ஊறிப்போன ஒருத்தி, எத்தனை கட்டுரை படித்தால் என்ன?

"பெரிசே போதும். டெய்லர்கிட்ட குடுத்துப் புடிச்சுக்கறேன்" என்றேன்.

"கரெக்ட்டுக்கா" என்றான் தேசிங்கு. இரண்டு பேருக்கும் ஒரு சந்தேகமும் வரவில்லை.

மடிக்கக் கூடாது, ஹேங்கரில்தான் மாட்ட வேண்டும் என்று மட்டும் அவனுக்குத் தெரிந்திருந்தது. ஆகவே செங்கல்பட்டுப் பேருந்தில் கம்பியில் மாட்டிவிட்டுப் பக்கத்தில் நின்றேன். குல்லா கவிழ்ந்து, கைகள் தொங்க, கறுப்பாக ஆடிக்கொண்டு வந்தது. திருக்கழுக்குன்றத்தில் மலைக்கோயிலுக்குப் போய் வந்த கூட்டம் ஏறியது. நெற்றி நிறைய விபூதியோடு ஒருவர் அதை முதுகில் தட்டி, "தள்ளி நில்லுப்பா, படிலயே நின்னுகினு கீறியே" என்றார். பதில் வராததால் கோபம் வந்து முகத்தைப் பார்த்தார். முகம் இல்லை. அவர் செங்கல்பட்டு வரைக்கும் பஞ்சாட்சரம் சொல்லிக்கொண்டு வந்தார். நடத்துநர் என்னிடம், "அத்தோட ஆள் எங்கம்மா?" என்று கேட்டுவிட்டு, அதற்கு லக்கேஜ் டிக்கெட் கிழித்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை இட்லியும் வடகறியும் சாப்பிட்டுவிட்டு, கொளவாய் ஏரிப் பக்கம் இருக்கும் பாஷா பாய் கடைக்குப் போனேன். என் சுடிதார் எல்லாம் அவர் கைவண்ணம்தான். துணியை இரண்டு விரலால் பிசைந்து பார்த்தார்.

"இன்னாமா இது, சோபாவுக்கு வாங்கினியா?"

"கடல்ல போட்டுக்கற ட்ரெஸ்ஸு பாய்."

"கடல்ல எதுக்குமா ட்ரெஸ்ஸு? சரி வுடு. சைடு ரெண்டும் புடிச்சிடலாம். கை காலு வெட்டிடலாம். நம்ம மிஷின்ல ஏறாது, பைக் சீட் கவர் அடிக்கிற மிஷின்ல குடுத்து வாங்கறேன். உள்ள ரெண்டு இஞ்சு வுட்டு வெக்கறேன், நாளைக்கு ஒடம்பு போட்டா பிரிச்சுக்கலாம்."

எவ்வளவு நல்ல மனிதர் என்று நினைத்தேன். செவ்வாய்க்கிழமை தருகிறேன் என்றார். செவ்வாய்க்கிழமை போனபோது காஜா எடுக்கிற பையன் வரவில்லை என்றார். இதற்குக் காஜாவே கிடையாதே பாய் என்றேன். "அதான் நாளைக்கே தந்துட்றேன்" என்றார். வியாழக்கிழமை சாயங்காலம் கையில் கிடைத்தது.

போட்டுப் பார்த்தேன். கையுறை மாதிரி கச்சிதம். இடுப்புப் பக்கம் ஏதோ தட்டுப்பட்டது. பாக்கெட்!

"நான் கேக்கலியே பாய்?"

"லேடீஸ் ட்ரெஸ்ஸுல பாக்கெட் இல்லன்னு எல்லாரும் என்கிட்ட வந்து சண்ட போட்றாங்க. போன் வெச்சுக்கோ. அதுக்குத் தனியா காசு வேணாம்."

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் அம்மா மஞ்சளைக் குழைத்துக்கொண்டு வந்துவிட்டாள். புது உடுப்பின் மூலையில் மஞ்சள் வைக்காமல் எங்கள் வீட்டில் யாரும் எதையும் உடுத்தியதில்லை. இது பழசு என்றேன். "அப்ப இன்னும் கொஞ்சம் வெக்கணும். எவன் போட்டதோ, இன்னா தோஷமோ" என்றாள். அங்கியில் மூலையைத் தேடினாள், இல்லை. கறுப்பில் வைத்துப் பார்த்தாள், தெரியவில்லை. கடைசியில் தோள் இரண்டிலும் சாம்பல் நிறப் பட்டை இருப்பதைக் கண்டுபிடித்து, ஒவ்வொன்றிலும் உள்ளங்கை அகலத்துக்கு அப்பிவிட்டாள். துடைத்துப் பார்த்தேன். மஞ்சள் போகுமா? போலீஸ்காரர் தோளில் பட்டை வைத்த மாதிரி பளிச்சென்று நின்றது.

விமானம் சனிக்கிழமை. வெள்ளிக்கிழமை லீவு போட்டேன். நான் டெஸ்டர். சோதிக்காமல் எதையும் வெளியே விடக் கூடாது என்று இளையவர்களுக்கு வகுப்பெடுக்கிறவள். மாமல்லபுரம் கடலில் சோதித்தால் அதில் குளிர் கிடையாது. பத்து டிகிரிக்கு எங்கே போவது?

"ஐஸ் பொட்டி கீதுக்கா" என்றான் தேசிங்கு.

குப்பத்தில் அவன் மாமாவின் மீன் பெட்டி இருந்தது. ஆள் படுக்கிற அளவு. காலையில் மீன் விற்று முடிந்து, பாதி உருகிய ஐஸ் தண்ணீரோடு கிடந்தது. அந்த வெயிலில் ஐந்து மில்லிமீட்டர் ரப்பரைப் போட்டுக்கொண்டு நான் மணலில் நடந்து வருவதைப் பார்க்க மீன்கூடையோடு பெண்கள் கூடிவிட்டார்கள். வழியெல்லாம் என் வியர்வை உள்ளே கணுக்கால் வரை இறங்கியது. அந்த ஒரு நேரத்தில்தான் அந்தச் சூட் சொட்டுக்கூட வெளியே விடாமல் வேலை செய்தது.

பெட்டிக்குள் உட்கார்ந்தேன். தேசிங்கு கழுத்து வரை ஐஸைத் தள்ளினான். முதலில் ஒன்றும் தெரியவில்லை. சுகமாகக்கூட இருந்தது. "எப்டிக்கா?" என்றான். "பாஸ்" என்று சொல்ல வாயெடுத்தேன்.

வலது விலாவில் ஒரு ஊசி குத்தியது. அடுத்து இடது விலாவில். அப்புறம் அக்குள் தொடங்கித் தொடை வரைக்கும் வரிசையாக, பாஷா பாயின் சீட் கவர் மிஷின் எங்கெங்கே குத்தியதோ அங்கெல்லாம் ஐஸ் தண்ணீர் நூல் பிடித்த மாதிரி உள்ளே வந்தது. ரப்பரில் ஊசி போட்டால் ஓட்டை விழும் என்பது, ஓட்டை தேடுவதையே பிழைப்பாக வைத்திருக்கும் எனக்கு அந்தப் பெட்டிக்குள் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. பாக்கெட் நிறைந்து குடமாகத் தொங்கியது. எழுந்திருக்கப் பார்த்தேன், முடியவில்லை.

"யம்மா, இது இன்னா மீனு?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"ஃபாரின் மீனு. தூக்குங்க, செத்துடப் போவுது" என்றாள் இன்னொருத்தி.

நான்கு பேர் சேர்ந்து தூக்கினார்கள். கால் வழியாக அருவி கொட்டியது. கூடவே ஒரு மத்தி மீனும் விழுந்தது. அது எந்த வழியாக உள்ளே வந்தது என்பது இன்றுவரை விளங்கவில்லை. வறுத்த வஞ்சிரமும் சுடுசோறும் கொடுத்து என்னைத் தேற்றினார்கள். பல் தந்தியடித்ததில் முள்ளைப் பார்த்துத் தின்ன நேரமானது.

சட்டை போச்சு, அம்மாவின் சத்தியமும் போச்சு. மூன்று மில்லிமீட்டர் சூட்டை எடுத்துப் போகலாம் என்று பார்த்தால், அதை முந்தின நாள்தான் யாரோ வாங்கிப் போயிருந்தார்கள். ஷிவானிடம் கேட்டு அங்கே ஒன்று வாடகைக்கு எடுத்திருக்கலாமே என்று நீங்கள் நினைக்கலாம். அந்த யோசனை எனக்கு விமானத்தில்தான் வந்தது.

தேசிங்கு தலையைச் சொறிந்தான். "ட்யூப்ல ஓட்ட வுழுந்தா இன்னாக்கா பண்ணுவோம்?"

திருக்கழுக்குன்றத்தில் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பஞ்சர் கடை. கடைக்காரர் சூட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வால்வு எங்க?" என்றார். வால்வு இல்லை என்றதும் கொஞ்சம் மரியாதை குறைந்தது. கைகால்களைச் சணலால் கட்டி, கழுத்து வழியாகக் காற்றடித்துத் தொட்டித் தண்ணீரில் அமுக்கினார். இரண்டு பக்கமும் குமிழிகள் வரிசை கட்டி வந்தன. "ஆணி மேல படுத்தியாமா?" என்று கேட்டார். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, சொல்யூஷன் தடவி, ஊதி, சிவப்பு விளிம்பு வைத்த வட்ட ஒட்டுகளை அக்குள் முதல் தொடை வரைக்கும் அடுக்கினார். பாக்கெட்டை என்ன செய்வது என்றார். அவருக்கே அது பிடித்திருந்ததால் விட்டுவிட்டோம். "லாரி ட்யூப்புக்கே தாங்கும்" என்று உத்தரவாதம் கொடுத்தார். மலைமேலிருக்கும் வேதகிரீஸ்வரரைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்தேன்.

அயர்லாந்தில் முதல் மூன்று நாள் மழை, அலுவலகம், உருளைக்கிழங்கு. உருளைக்கிழங்கை வேகவைத்துத் தந்தார்கள், மசித்துத் தந்தார்கள், பொரித்துத் தந்தார்கள். மூன்றையும் ஒரே தட்டில் வைத்தும் தந்தார்கள். மிளகாய்த்தூள் கேட்டால் கைகுலுக்கிப் பாராட்டுகிற மாதிரி பார்த்தார்கள். இதற்கு நடுவில், பெட்டியில் இருந்த சூட்டின் மீன் கவிச்சியும் பஞ்சர் சொல்யூஷன் வாடையும் என் அத்தனை உடுப்பிலும் ஏறிவிட்டன. கூட்டத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்தவர் எழுந்து ஜன்னலைத் திறந்துவிட்டு, "காற்று நன்றாக இருக்கிறது" என்றார். வெளியே புயல். அந்த ஊர்க்காரர்களுக்கு மரியாதை அதிகம்.

சனிக்கிழமை ஷிவான் தன் காரில் மேற்குக் கடற்கரைக்குக் கூட்டிப் போனாள். வழி நெடுக ஆடுகள் மழையில் நனைந்துகொண்டு மேய்ந்தன. அழுவதற்கு ஓர் ஓநாய்கூட இல்லை. பாதி வழியில் மாட்டு மந்தை ஒன்று ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றது. ஷிவான் ஹாரன் அடிக்காமல் காத்திருந்தாள். எங்கள் ஊர் ஜிஎஸ்டி நெடுஞ்சாலையில் இவளை விட்டால் ஆயுசுக்கும் வீடு போய்ச் சேர மாட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

கடல் ஈயப் பாத்திரத்தின் நிறத்தில் கிடந்தது. காருக்குப் பின்னால் நின்று சூட்டைப் போட்டேன். ஷிவான் என்னைச் சுற்றி வந்தாள். தோளில் மஞ்சள். விலாவில் சிவப்பு வட்டங்கள். "இது எந்த பிராண்ட்?" என்றாள். "செங்கல்பட்டு" என்றேன். பாக்கெட்டைப் பார்த்ததும் அவளுக்கு நிஜமாகவே பொறாமை வந்துவிட்டது. தன் காலுறையில் ஒரு ஜோடியை எனக்குக் கொடுத்தாள், ரப்பரில் செய்தது.

நான் குல்லாவை இழுத்துக் கட்டி, கடவுளை வேண்டி, கரையில் நின்று மூச்சை இழுத்துக்கொண்டிருந்தபோது, எழுபது வயதுக்கு மேலிருக்கும் ஒரு அம்மாள் சாதாரண நீச்சலுடையில் எங்களைத் தாண்டிப் போனார். பூப்போட்ட ரப்பர் தொப்பி. இடுப்பளவு தண்ணீரில் நின்று திரும்பி, "இன்றைக்கு இதமாக இருக்கிறது, இல்லையா?" என்று கேட்டுவிட்டு நீந்திப் போய்விட்டார். நான் பாஷா பாயையும் பஞ்சர் கடைக்காரரையும் நினைத்துக்கொண்டேன்.

இறங்கினேன். முகத்தில் முதல் அலை அறைந்தபோது நெற்றிக்குள் வலித்தது. ஐஸ்கிரீமை அவசரமாக விழுங்கினால் வருமே, அந்த வலி. ஆனால் விலாவில் ஒன்றும் இல்லை! ஒட்டுகள் பிடித்துக்கொண்டிருந்தன. உள்ளே வந்த கொஞ்சம் தண்ணீர் மெல்லச் சூடானது. திருக்கழுக்குன்றத்துச் சொல்யூஷன் அட்லாண்டிக்கில் நிற்கிறது என்று கத்த வேண்டும்போல் இருந்தது. உதடு மரத்துப்போனதால் வேறு ஏதோ சத்தம் வந்தது.

அலையில் ஏறினேன், விழுந்தேன். மறுபடி ஏறினேன், முழங்காலில் நிற்கிற வரைக்கும் வந்து விழுந்தேன். ஐந்து மில்லிமீட்டர் ரப்பரில் காலை முன்னால் கொண்டுவருவது, பட்டுப்புடவையோடு பேருந்துக் கூட்டத்தில் ஏறுவதைப் போன்றது. பலகை மூக்கிலடித்தது. விரல்கள் யாருடையவையோ ஆகிவிட்டன. வலது பக்கம் திடீரென்று அந்தப் பழைய ஊசி குத்தியது. ஒரு ஒட்டு போய்விட்டது. அடுத்ததும் போனது. சிவப்பு வட்டம் ஒன்று என் கண் முன்னால் மிதந்து போவதைப் பார்த்தேன்.

"போதும், வெளியே வா, உன் உதடு நீலமாகிவிட்டது" என்று கரையிலிருந்து ஷிவான் கத்தினாள்.

நீ எங்க நிக்கப் போற, என்று படாளத்திலிருந்து அம்மா சொன்னது அதைவிடச் சத்தமாகக் கேட்டது. பின்னால் ஒரு அலை வந்தது. பெரியதில்லை. மாமல்லபுரத்தில் வருகிற அலைதான், கொஞ்சம் சாம்பல் பூசிக்கொண்டு வந்திருந்தது. கைகளைத் துடுப்பாகப் போட்டேன். பலகை வழுக்கியது. கையை ஊன்றி எழுந்தேன்.

நின்றேன். கைகளை விரித்துக்கொண்டு, பாக்கெட் நிறையத் தண்ணீரோடு, ஒரு பக்கம் ஒழுகிக்கொண்டு நின்றேன். கரை வருகிற வரைக்கும் நின்றேன். இறங்கி மண்டியிட்டு அழுதேன். இந்தக் கடலிலும் முகமெல்லாம் உப்புத் தண்ணீர்தான், ஆனால் ஷிவானுக்குத் தெரிந்துவிட்டது. தன் ஃபிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்து, "இது குளியல் தொட்டி இல்லைதானே?" என்றாள். வீடியோ எடுத்திருந்தாள்.

ஊர் திரும்பிய அடுத்த ஞாயிறு, அம்மாவை மாமல்லபுரம் கூட்டிப் போனேன். வழக்கம்போலச் செருப்பைக் கழற்றாமல் மணலில் உட்கார்ந்தாள். போனில் வீடியோவைப் போட்டுக் கொடுத்தேன். பார்த்தாள். திருப்பிப் போடச் சொன்னாள்.

"இது நீயின்னு எப்டி நம்பறது? தலையிலேர்ந்து காலு வரிக்கும் மூடிக்கினு கீது. மூக்குகூட தெரில."

"நான்தாம்மா!"

"யாராச்சும் வெள்ளக்காரியா இருப்பா. ஊரு ஒலகத்துல எத்தினி பேரு ஆட்றாங்க."

தேசிங்கு ஓடி வந்தான். "யம்மோவ், அக்கா எடது காலு முன்னாடி வெச்சி நிக்கும். பாரு, எடது காலு!"

"நீ அவளுக்கு வாத்தி. நீ அப்டித்தான் சொல்லுவ" என்று அவனையும் தள்ளிவிட்டாள். எனக்கு ஆத்திரம் வந்தது. ஐஸ் பெட்டியில் உட்கார்ந்து, மூக்கில் அடி வாங்கி, ஒழுகிக்கொண்டு நின்றது எல்லாம் இந்தப் பேச்சைக் கேட்கவா?

அம்மா போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். வெயில் படாமல் முந்தானையைப் பந்தல்போலப் பிடித்துக்கொண்டாள். திரையில் அந்தக் கறுப்பு உருவம் கைகளை விரித்தது. இரண்டு தோளிலும் உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சள்.

அவள் விரல் அதன்மேல் நின்றது. சாயம் கையில் வருகிறதா என்று பார்க்கிறவள் மாதிரி திரையை ஒரு முறை தேய்த்தாள்.

"இது நான் வெச்சது" என்றாள்.

போனை என் மடியில் வைத்தாள். செருப்பைக் கழற்றித் தேசிங்கிடம் கொடுத்து, "பாத்துக்க" என்றாள். புடவையைத் தூக்கிச் செருகினாள். என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் வளையல் உள்ளே அழுந்தியது. ஈர மணலில் இரண்டடி வைத்து நின்றாள். உள்ளங்கால் அடியில் மணல் நழுவியதும் என் கையை இன்னும் இறுக்கினாள்.

ஒரு சின்ன அலை வந்து கணுக்காலை நனைத்தது.

"ஏண்டி, இது வெந்நி மாரி கீது!"

"இருபத்தொன்பது டிகிரிம்மா."

"இதுக்கா இத்தினி வருஷம் செருப்பு காத்துகினு இருந்தேன்?"

பேசிக்கொண்டிருக்கும்போதே பெரியதாக ஒன்று வந்து அவளை இடுப்பு வரைக்கும் நனைத்துவிட்டுப் போனது. நல்ல புடவை. திட்டு விழும் என்று, "சரி போதும், வாம்மா கரைக்கு" என்று இழுத்தேன்.

அம்மா நகரவில்லை. கண்ணைச் சுருக்கிக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இருடி. இன்னொண்ணு வரட்டும்."